பத்து முறை எழுதினால் பிழை போகாது

'முயற்ச்சி' என்று எழுதிய குழந்தையை 'முயற்சி' என்று பத்து முறை எழுதச் சொல்கிறோம். அப்போது அந்தக் கை என்ன செய்கிறது என்று அருகில் நின்று பாருங்கள். முதலில் பக்கத்தின் ஓரமாக மேலிருந்து கீழே பத்து 'மு' இறங்கும். அதன் பக்கத்தில் பத்து 'ய'. பிறகு பத்து 'ற்'. கடைசியாகப் பத்து 'சி'. பக்கம் நிறைந்துவிடும். 'முயற்சி' என்ற சொல்லை மட்டும் அந்தக் கை ஒருமுறைகூட முழுதாக எழுதியிருக்காது. மறுநாள் சொல்வதெழுதுதலில் பழைய 'முயற்ச்சி' அப்படியே திரும்பி வரும். பிள்ளைக்குக் கவனமே இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

உண்மையில் அந்தக் கூடுதல் 'ச்' கவனத்தால் வந்தது. 'வளர்ச்சி', 'மகிழ்ச்சி' இரண்டிலும் 'ச்' இருப்பதைக் குழந்தை கண்டு வைத்திருக்கிறது. அதே ஓசையில் முடியும் இன்னொரு சொல்லுக்கும் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பிழைகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு காரணத்தோடுதான் வருகின்றன. காரணம் தெரிந்தால் ஒரு சொல்லைத் திருத்தும்போதே அதன் உறவுச் சொற்கள் பத்தும் சேர்ந்து திருந்தும். காரணம் தெரியாமல் திருத்தினால் ஒவ்வொரு சொல்லோடும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முறை உள்ள சொற்களை முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த முறைக்கும் கட்டுப்படாத சொற்களை மட்டுமே மனத்தில் பதிய வைக்க வேண்டும். வகுப்பறையில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கலக்குவதுதான் சிக்கல்.

எந்தக் குழந்தைக்கு எது தேவை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே பத்துச் சொற்களை ஒருநாள் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பத்தையும் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். பார்த்து எழுதும்போதே பிழை வந்தால் அது கண்ணிலோ கையிலோ இருக்கிறது. பார்த்து எழுதும்போது சரியாக இருந்து, கேட்டு எழுதும்போது மட்டும் தவறினால், ஓசைக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதிப்படவில்லை. அடுத்ததாக, எழுதியதைக் குழந்தையையே ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'குடை'க்குப் பதில் 'கொடை' என்று எழுதி, 'கொடை' என்றே படித்துவிட்டு, சரிதான் என்று நிற்கும் குழந்தை பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறது. படிக்கும்போது தானாகவே தயங்கி நிற்கும் குழந்தைக்கு எழுத்து தெரியும். சரிபார்க்கும் பழக்கம்தான் இல்லை.

கையால் வரும் பிழைகள்

முதல் இரண்டு வகுப்புகளில் இவைதான் அதிகம். 'மரம்' என்பது 'மாம்' போலத் தெரிந்தால் ரகரத்தின் அடிச்சாய்கோடு விழவில்லை என்று பொருள். ரகரத்துக்கும் கால் என்னும் துணையெழுத்துக்கும் அந்தச் சிறு கோடுதான் வேறுபாடு. இதை எழுத்துப்பிழை என்று வட்டமிடுவதைவிட, ரகரத்தைத் தனியாக நான்கு நாள் பழக்குவது மேல்.

புள்ளி விடுபடுவதற்கு வேகம் பாதிக் காரணம், பழக்கம் மீதி. வரி முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, திரும்பி வந்து மொத்தமாகப் புள்ளி வைக்கும் குழந்தைகள் உண்டு. நீண்ட வாக்கியத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் கட்டாயம் விட்டுப்போகும். எழுத்தை எழுதியவுடன் புள்ளி, அதன் பிறகுதான் அடுத்த எழுத்து என்று முதல் மாதத்திலேயே பழக்கிவிட வேண்டும். மூன்றாம் வகுப்பில் இதை மாற்றுவது கடினம்.

கொம்பு வேறுவகைச் சிக்கல். 'கெ', 'கே', 'கை', 'கொ', 'கோ' ஆகியவற்றில் காதில் முதலில் விழுவது ககர ஒலி. தாளில் முதலில் வருவது கொம்பு. கேட்ட வரிசையில் எழுதும் குழந்தை 'க' எழுதிவிட்டுக் கொம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் வலப்பக்கத்தில் போடும். கொம்பை வரையத் தொடங்கும்போதே 'கே' என்று முழு ஓசையையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓசை முழுதாக வாயில் இருக்கும்போது கை துண்டு துண்டாக யோசிக்காது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும் குழந்தையிடம் பொறுமை வேண்டும். ஓலைச்சுவடிக் காலத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். குறிலைக் காட்டும் புள்ளியும் இல்லாததால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் ஒன்றுபோலவே இருந்தன. படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றைப் பிரித்துக் காட்டும் இன்றைய வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தவை.

உகர ஊகார உயிர்மெய்களை க, ங, ச என்ற வரிசையில் சொல்லிக்கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமாகத் தெரிந்து குழந்தை திணறும். வடிவ ஒற்றுமையை வைத்துப் பிரித்தால் மூன்று கூட்டம்தான். சுழித்து வளைவன ஆறு: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கீழே இறங்குவன ஐந்து: ஙு, சு, பு, யு, வு. கீழே போய் வளைந்து மேலேறுவன ஏழு: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். நெடிலில் 'கூ' மட்டும் தன் கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும். அதைத் தனியாகவே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய 'னை', 'ணா', 'றா' வடிவங்களை எழுதிவரும் குழந்தைக்குச் சிவப்பு மை வேண்டாம். தமிழ்நாட்டில் 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாகி 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்குமுன் பள்ளியில் படித்தவர்களின் கை பழைய வடிவத்தில்தான் ஓடும்.

காதும் வாயும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இலக்கணம் சொல்லும் இந்த அளவு குழந்தையின் கையில் நல்ல கருவியாகும். குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு; நெடிலுக்கு உள்ளங்கையை மேசைமேல் வைத்து ஓர் இழுப்பு. படி–பாடி, விடு–வீடு, முடி–மூடி, எடு–ஏடு, தொடு–தோடு என்று இணைகளைச் சொல்லி, எழுதாமல் கையை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். கை சரியாக அசைந்தால் காது சரியாகக் கேட்கிறது. கை சரியாக அசைந்தும் எழுத்தில் தவறினால், கால், சுழி, கொம்பு ஆகிய துணையெழுத்துகளில்தான் குழப்பம். இந்த ஒரு சோதனை பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஒற்று இரட்டிப்பதைக் கட்டம் போட்ட நோட்டில் சொல்லிக்கொடுப்பது எளிது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். 'படம்' மூன்று கட்டம், 'பட்டம்' நான்கு. எழுதுவதற்கு முன்பே எத்தனை கட்டம் வேண்டும் என்று குழந்தை சொல்ல வேண்டும். முதலில் 'பட்–டம்' என்று இரண்டு கைத்தட்டல். பிறகு ஒவ்வொரு தட்டலுக்குள்ளும் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும். கட்டத்தைப் போட்ட பிறகு எழுதினால், விடுபட்ட ஒற்று காலிக் கட்டமாகக் கண்முன் நிற்கும். பாடு–பாட்டு, பசை–பச்சை, பலி–பல்லி என்று இரண்டு வாரம் செய்தால் போதும். அதற்குமேல் கட்டம் தேவைப்படாது.

அடுத்தது பேச்சுத்தமிழ் கொண்டுவரும் பிழைகள். இவை தாறுமாறாக வருவதில்லை. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். அதனால்தான் இலை 'எலை' ஆகிறது. இடம் 'எடம்', விலை 'வெலை', குடை 'கொடை', புகை 'பொகை', உடம்பு 'ஒடம்பு' ஆகின்றன. 'பிடி', 'குதி' போன்ற சொற்களில் இந்த மாற்றம் வருவதில்லை, பிழையும் வருவதில்லை. ஆகவே இந்தச் சொற்களை ஒரே குழுவாகச் சேர்த்துக் கொடுங்கள். பேச்சைத் தவறென்று சொல்லவே கூடாது. "பேசும்போது கொட, எழுதும்போது குடை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். சொல்லின் இறுதியில் 'ம்', 'ன்' விடுபடுவதும் இதே வகைதான். பேச்சில் 'மரம்', 'வந்தான்' ஆகியவற்றின் கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. காதில் விழாததைக் குழந்தை எழுதவில்லை. வாசிப்பு நேரத்தில் ஆசிரியர் கடைசி மெய்யை அழுத்தம் குறையாமல் படித்துக் காட்டுவதுதான் இதற்கு மருந்து.

அரிச்சுவடியிலேயே இருக்கும் விதி

க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, கடைசியில் ற ன. மெய்யெழுத்து வரிசையிலேயே வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சொல்லுக்குள்ளும் அப்படியே சேர்ந்து வருகின்றன: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு, கன்று. மூன்று நகரங்களுக்கும் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வந்ததே இந்தச் சேர்க்கையால்தான். மூணு சுழி, ரெண்டு சுழி என்று வகுப்பில் சொல்வது வடிவத்தை மட்டும் காட்டுகிறது. டண்ணகரம் என்ற பெயர் எங்கே எழுதுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இரண்டாம் வகுப்பிலேயே இந்தப் பெயர்களைப் பழக்கலாம். குழந்தைகளுக்கு அவற்றைச் சொல்லவும் பிடிக்கும்.

இத்தோடு சில உறுதியான விதிகள் சேர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும். சொல்லின் முதலில் ண, ன வராது. ந மட்டுமே வரும். ற, ழ, ள ஆகியவையும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிக்காது. ஆகவே காற்று, நேற்று, வெற்றி என்று இரட்டித்து ஒலித்தால் யோசிக்கவே வேண்டாம், றகரம்தான். 'ன்' பக்கத்தில் வந்தாலும் றகரம்தான். 'ண்ட', 'ன்ற' என்ற இரண்டுக்கும் விதி தெளிவு. ஆனால் பகரத்துக்கு முன்னால் இந்த விதி உதவாது: நண்பன், பண்பு ஆகியவற்றில் 'ண்', அன்பு, இன்பம் ஆகியவற்றில் 'ன்'. இங்கே விதி கைகொடுக்காது என்று குழந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கைகொடுக்கும் இடத்திலும் விதியை நம்ப மாட்டார்கள்.

இப்போது 'முயற்ச்சி'க்கு வருவோம். ட், ற் ஆகிய இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது, உயிர்மெய்தான் வரும். முயற்சி, பயிற்சி, காட்சி, நட்பு, வெட்கம், கற்பனை, நாற்பது, கேட்க, நிற்க. பெரியவர்களே அடிக்கடி தவறும் 'அதற்கு', 'இதற்கு', 'எதற்கு' ஆகியவையும் இதில் அடங்கும். அவற்றில் 'க்' கிடையாது. ஒரு சொல்லுக்குள் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால், முதல் புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்றின் மேல்தான் இருக்கும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. இலக்கணத்தில் இதற்கு ஈரொற்று மயக்கம் என்று பெயர். குழந்தைக்குப் பெயர் தேவையில்லை. "ட், ற் தலையில் புள்ளி இருந்தால் பக்கத்தில் இன்னொரு புள்ளி உட்காராது" என்பது போதும். ய், ர், ழ் வந்தால் அடுத்த எழுத்து எப்போதும் இரட்டிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக 'வாழ்க', 'சேர்கிறான்' போன்ற சொற்களையும் உடன் காட்டுங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு வாரம் செலவழித்தால் இந்த ஒரு விதி பள்ளிக்காலம் முழுவதும் உதவும். வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

அதே அளவு பயன் தருபவை விகுதிகளும் உருபுகளும். பன்மைக்குக் 'கள்', எப்போதும் ளகரம். இடத்தைக் காட்டும் 'இல்', கருவியைக் காட்டும் 'ஆல்', எப்போதும் லகரம். நிகழ்காலக் 'கிறு', எப்போதும் றகரம்: வருகிறான், வருகிறாள், வருகிறது. 'அவள்' ளகரத்தில் முடிவதால் அவளுடைய வினையும் ளகரத்தில் முடியும். 'அவள் வந்தாள்', 'அவள் வந்தால் போகலாம்' என்ற இரண்டு வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது நடந்துவிட்டது, எது இனிமேல் என்று கேளுங்கள். குழந்தை ஒரு பக்கம் எழுதினால் இந்த ஐந்தாறு துணுக்குகள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கடினமான சொற்களைத் தேடிப் பட்டியல் போடுவதைவிட இவற்றைச் சரிசெய்வது எவ்வளவு லாபம் என்பது உடனே விளங்கும்.

மயங்கொலி

ல, ள, ழ போலவும் ர, ற போலவும் ஒலியால் ஒன்றோடொன்று மயங்கும் எழுத்துகள்தான் மயங்கொலி. இங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்களும் பெற்றோரும் சோர்ந்துபோகிறார்கள். முதலில், உச்சரிப்பால் எவ்வளவு தீரும், எவ்வளவு தீராது என்று பிரித்துக்கொள்வோம். லகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், ஆனால் தொடாது. கண்ணாடி முன் நிற்க வைத்து இதைப் பழக்கலாம்; பலன் உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் பலருக்கு இடையில் வரும் ரகரமும் றகரமும் ஒரே ஒலிதான். 'அரை', 'அறை' என்று ஆசிரியர் வலிந்து வேறுபடுத்திச் சொன்னால் வகுப்பில் குழந்தை சரியாக எழுதும். தனியாக எழுதும்போது அந்தக் குரல் உதவிக்கு வராது. ர, ற விஷயத்தில் கண்ணும் பொருளும்தான் துணை.

வலி–வளி–வழி, அலை–அளை–அழை என்று மூன்றையும் ஒரே அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும் குழந்தைக்கு மூன்றும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். எது எதற்கு என்பது அங்கேயே குழம்பிவிடும். குழந்தை அதிகம் எழுதும் சொல்லை முதலில் தனியாகக் கொடுங்கள். 'வழி' இரண்டு வாரம் வாக்கியங்களில் புழங்கட்டும். அது கையில் நின்ற பிறகு 'வலி' வரட்டும். காற்றைக் குறிக்கும் 'வளி'க்குத் தொடக்கப்பள்ளியில் அவசரமே இல்லை. 'பறவை' எழுதத் தெரிந்தால் போதும். கடலைக் குறிக்கும் 'பரவை'யைக் காட்டிக் குழப்ப வேண்டாம். இரண்டுமே அன்றாடச் சொற்களாக இருக்கும் கரி–கறி, புலி–புளி, வேலை–வேளை போன்றவற்றை மட்டும், ஒன்று உறுதியான பிறகு மற்றொன்றோடு பக்கத்தில் வைத்து வேறுபடுத்தலாம்.

ழகரம் பார்க்கப் பயமுறுத்தினாலும் எண்ணிக்கையில் சிறியது. ஒரு குழந்தை அன்றாடம் எழுதும் ழகரச் சொற்களின் வேர்கள் ஒரே பக்கத்தில் அடங்கும்: பழம், மழை, வாழை, கோழி, கிழமை, குழந்தை, அழகு, விழு, எழுது, கீழ், நிழல், முழு, பழைய, மகிழ், இழு, குழி, புழு, தமிழ், ஏழு என்று. இதை ஒரு மூடிய பட்டியலாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று கிடைக்கும்போது குழந்தையே சேர்க்கட்டும். பட்டியலில் இல்லாததற்கு ல, ள இரண்டில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு இன்னோர் உதவி உண்டு. ல, ற, ன மூன்றும் ஒரு குடும்பம்; ள, ட, ண மூன்றும் இன்னொரு குடும்பம். நில்–நின்றான், செல்–சென்றான், கல்–கற்றான், சுழல்–சுழன்றது. கேள்–கேட்டான், கொள்–கொண்டான், உருள்–உருண்டது. 'உருல்' என்று எழுதலாமா என்று ஐயம் வந்தால், உருண்டதா, உருன்றதா என்று கேட்டுப் பார்க்கலாம். காதுக்கே விடை தெரிந்துவிடும். இதேபோல 'று' என்று முடியும் சொல் உருபு ஏற்கும்போது பெரும்பாலும் 'ற்ற' ஆகும்: ஆறு–ஆற்றில், கயிறு–கயிற்றில், வயிறு–வயிற்றில். 'சுவர்' ரகரத்தில் முடிவது, ஆகவே 'சுவரில்'. 'சுவற்றில்' என்பது தவறு.

'ண்ண', 'ன்ன' குழப்பத்துக்குச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதே வழி. கண்ணிலிருந்து கண்ணாடி, கண்ணீர். தண்மையான நீர் தண்ணீர். எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய். 'எண்ணை' என்று எழுதும் குழந்தைக்கு இந்தப் பிறப்பைச் சொன்னால் கடைசி 'ய்' மறக்காது. வெம்மையான நீர் வெந்நீர்; இங்கே தந்நகரம் இரட்டிக்கிறது.

மயங்கொலிச் சொற்களுக்கு முதல் பட்டியலாக எண்ணுப்பெயர்களைத்தான் நான் சொல்வேன். ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எழுதத் தெரிந்த குழந்தை ர, ற, ண, ன, ந, ழ, ள எல்லாவற்றையும் ஒருமுறை கடந்துவிடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, நாற்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். இவற்றில் தனிக் கவனம் கேட்பவை இரண்டு: மூன்று நூறு 'முந்நூறு', ஐந்து நூறு 'ஐந்நூறு'. 'முன்னூறு' என்று அச்சிலேயே பார்க்கலாம். அதற்காக விட்டுவிட வேண்டாம்.

வாரம் எப்படிப் போகலாம்

மூன்றாம் வகுப்புக்கு வாரம் எட்டுச் சொல் போதும். ஐந்து சொற்கள் அந்த வாரத்து விதியைச் சேர்ந்தவை, இரண்டு போன வாரத்துச் சொற்கள், ஒன்று விதிக்குக் கட்டுப்படாத சொல். நாளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முதல் நாள் சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்து, குழந்தைகளையே வகை பிரிக்கச் சொல்லுங்கள். விதியை நீங்கள் சொல்லாமல் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னால் நல்லது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பார், சொல், மறை, எழுது, சரிபார். இதில் 'மறை' என்பதுதான் உயிர். மறைக்காமல் எழுதினால் எழுத்து கண்ணிலிருந்து கைக்குப் போய்விடும், மனத்தில் தங்காது. ஒரு சொல்லை மூன்று முறை மறைத்து எழுதினால் போதும். தவறினால் தவறான எழுத்தை மட்டும் திருத்தாமல், முழுச் சொல்லையும் மறுபடி மறைத்து எழுத வேண்டும். நான்காம் நாள் அந்தச் சொற்களை வைத்துச் சொந்த வாக்கியம். ஐந்தாம் நாள் சொல்வதெழுதுதல்.

அதோடு முடிந்ததாக நினைத்தால் மறந்துபோகும். 1885இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து வெளியிட்ட முடிவு இன்றும் பொருந்துகிறது: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது, ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிற்கிறது. பத்து முறை எழுதும் இம்போசிஷனை, ஐந்து வெவ்வேறு நாள்களில் இரண்டிரண்டு முறையாக மாற்றிப் பாருங்கள். எழுதும் அளவு அதேதான்.

சொல்வதெழுதுதலில் சொல்லை ஒருமுறை சொல்லி, அது வரும் வாக்கியத்தைச் சொல்லி, மறுபடி சொல்லைச் சொல்ல வேண்டும். 'அறை' என்று மட்டும் சொன்னால் 'அரை' என்று எழுதிய குழந்தையைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எழுத்தை இழுத்தும் அழுத்தியும் சொல்வதை விட்டுவிடுங்கள். 'முயற்ச்ச்சி' என்று அழுத்தும்போது இல்லாத ஒற்றை நாமே ஊட்டுகிறோம். மதிப்பெண்ணை எழுத்துக்கு ஒன்றாகப் போடலாம். 'கண்ணாடி'க்கு நான்கு எழுத்து. 'கன்னாடி' என்றால் நான்கில் இரண்டு சரி. சொல்லுக்கு ஒரு மதிப்பெண் என்றால் அந்தக் குழந்தைக்குச் சுழி. சொல்லையே எழுதாத குழந்தைக்கும் அதே சுழி.

வல்லெழுத்து மிகுதலை மூன்றாம் வகுப்பு வரை திருத்தவே வேண்டாம். நான்காம் வகுப்பில் மூன்று இடங்கள் போதும்: அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின், 'ஐ' உருபின் பின், 'கு' உருபின் பின். அந்தப் பையன், பாலைக் குடித்தான், பள்ளிக்குச் சென்றான். மற்றவை மேல்வகுப்புக்குக் காத்திருக்கட்டும்.

கட்டுரை நோட்டைத் திருத்தும்போது கற்றுக்கொடுத்த விதியில் வந்த பிழைகளை மட்டும் குறியுங்கள். பிழைமேல் கோடு போடாமல் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால், பிழையைக் குழந்தையே தேடும். தேடுவதற்கும் முறை உண்டு. முதல் முறை புள்ளிகளை மட்டும் பார்ப்பது, இரண்டாம் முறை சொல்லின் இறுதியை மட்டும் பார்ப்பது. கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து கண்ணில் படும். பிழையான வடிவத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாதீர்கள். கண் அதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து இரண்டு பருவம் கழிந்தும், பார்த்து எழுதும்போதே எழுத்துகளை விட்டும் மாற்றியும் எழுதும் குழந்தை இருந்தால் பயிற்சியைக் கூட்டுவது தீர்வல்ல. முதலில் கண்பார்வையும் காதுகேட்பும் சோதிக்கப்பட வேண்டும். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்த நிபுணரிடம் காட்ட வேண்டும். அந்தக் குழந்தையைச் சோம்பேறி என்று ஒருமுறை சொன்னாலும் அது ஆழமாகத் தங்கிவிடும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். அதில் வாரத்துக்கு மூன்று சொல், அந்தக் குழந்தை தன் எழுத்தில் தானே தவறியவை மட்டும். பக்கத்தில் இருப்பவரின் மூன்றும் இதன் மூன்றும் வேறாக இருக்கும். வெள்ளிக்கிழமை இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்கலாம். மூன்று வெவ்வேறு வாரங்களில் சரியாக எழுதிய சொல்லின் மேல் குழந்தையே கோடு போட்டுக் கழித்துவிடட்டும். கோடு போட்ட சொல் பிறகு எப்போதாவது கட்டுரையில் மறுபடி தவறினால், அதைப் புதுச் சொல்லாகவே அடுத்த பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.